காதுக்குப் பஞ்சு வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் டீசல் என்ஜினுக்குக் கவர்னர் என்று ஒரு மின்னணுப் பெட்டி உண்டு. பால் பொங்கினால் நீங்கள் அடுப்பைத் தணிப்பீர்களே, அதே வேலைதான். என்ஜின் சக்கரத்தின் பற்களை ஒரு சென்சார் எண்ணி வேகத்தைச் சொல்லும். வேகம் ஏறினால் பெட்டி டீசலைக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். சென்சாரிடமிருந்து தகவலே வராவிட்டால் என்ஜினை நிறுத்திவிடும். அது சும்மா சும்மா நிறுத்துகிறது என்று ஃபோர்மேன் அந்த ஏற்பாட்டை ஒரு துண்டு வயர் போட்டு முடக்கி வைத்திருந்தார்.

அன்று சென்சார் கழன்றுவிட்டது. என்ஜின் ஓடவில்லை என்று நினைத்துப் பெட்டி டீசலை அள்ளிக் கொட்டியது. கூரைத் தகடெல்லாம் அதிர்ந்தது. நான் ஓடிப்போய் நிறுத்தும் லீவரைக் கையால் இழுத்தேன். யாருக்கும் ஒன்றுமில்லை.

"இனிமே நீதான்டா கவர்னர்" என்று ஃபோர்மேன் சிரித்தார். சென்சாரை மாட்டிவிட்டார்கள்; துண்டு வயரை எடுக்கவில்லை. லீவருக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். பழைய நாற்காலி, கைப்பிடி தேய்ந்திருக்கிறது.

"இதுல முன்னாடி யாரு உக்காந்திருந்தாங்க?" என்று வெல்டரிடம் கேட்டேன்.

"சாப்ட்டியா நீ?" என்றார்.

காதுக்குப் பஞ்சு கேட்டிருந்தேனே, அனுப்ப வேண்டாம். காதை அடைத்தால் வேகம் ஏறுவது கேட்காது. முடிந்தால், வேலை முடிந்து படுக்கும்போது கேட்க, நீங்கள் எதையாவது பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

நான் போன் செய்யும்போது பின்னால் இரைச்சல் கேட்கும். அது ஒரே சீராக இருக்கும்வரை எனக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொஞ்சம் ஏறுகிறது. எழுந்திருக்கிறேன்.

உங்கள் மகன்