பதினோரு பெட்டிகள்

12 பிப்ரவரி 2022, சனி

கசீனோ ஊரில் ஒரு வீட்டில் பழைய சாமான் விற்றார்கள். தையல் மெஷினுக்கும் தூண்டில் கழிகளுக்கும் நடுவில் ஒரு அட்டைப்பெட்டி, அதன் அடியில் 'பேப்பர் காம்பஸ்'. 1967. பெர்த் பையன்கள் நாலு பேர், ஒரே ஒரு இசைத்தட்டு போட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள். முப்பது வருஷமாகத் தேடியது. உறைகூடக் கிழியவில்லை. நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அந்த வீட்டம்மாள், "உக்காருங்க, தண்ணி தரட்டுமா?" என்றாள்.

வந்ததும் போட்டுக் கேட்டேன். கிடார் பின்னோக்கி ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பாடுவது போல ஒரு குரல். சைக்கடெலிக் ராக் என்ற பெயர் இங்கே வந்து சேர்வதற்கு முன்பே இந்தப் பிள்ளைகள் அதைச் செய்துவிட்டார்கள். என் மனைவி நோலினைக் கூப்பிட்டேன். இடுப்பு ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். கைத்தடியோடு அறை வாசல்வரை வந்து நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. அடுப்புல சூப் இருக்கு, அணைச்சிட்டு வரேன்" என்றாள்.

திரும்பி வரவில்லை. நானும் இரண்டாம் பக்கம் போட்டபிறகுதான் கவனித்தேன்.

19 பிப்ரவரி

மழை. அலமாரியில் தட்டுப் பெட்டிகளை வருஷவாரியாக மாற்றி அடுக்கினேன்.

27 பிப்ரவரி, ஞாயிறு

மழை விட்டபாடில்லை. ஆறு ஏறும் என்கிறார்கள். "பெரில் வீட்டுக்குப் போயிடலாமா?" என்றாள் நோலின். பெரில் அவள் அக்கா, டூவூம்பாவில் இருக்கிறாள். இந்த மழையில் நாலு மணி நேரம் கார் ஓட்டுவதா? எழுபத்து நாலில் வந்த வெள்ளம் வந்தால்கூட நம் வீட்டுத் தரைக்கு இரண்டு சாண் கீழேதான் நிற்கும் என்றேன். நிஜமான காரணம் அது இல்லை. தட்டுகளை விட்டுப் போக மனமில்லை.

1 மார்ச், செவ்வாய். முகாம்

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

விடியும்போது தரைப்பலகை இடுக்குகளில் தண்ணீர் கொப்பளித்து வந்தது. நோலின் கட்டிலில் இருந்தாள். அவளால் குனிய முடியாது. "வாரன், மீகன் பெட்டிய முதல்ல எடுத்துடு" என்றாள்.

பீரோவின் அடி இழுப்பறையில் ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே ஏழு கேசட்டுகள். எங்கள் மகள் ஏழெட்டு வயதில் பேசியும் பாடியும் பதிந்தவை. மீகன் போய் இருபத்து மூன்று வருஷமாகிறது. பத்தொன்பது வயது, நெடுஞ்சாலையில் விபத்து. அவள் குரல் என்று எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"இதோ, இந்த ஒரு தட்டுப் பெட்டிய ஏத்திட்டு வரேன்" என்றேன்.

கூரைக்குள் ஏறும் ஏணி, தட்டுகள் இருக்கும் பின்னறையில் இருக்கிறது. ஒரு பெட்டியை ஏற்றினேன். ஏணியில் நிற்கும்போதே அடுத்த பெட்டியின் அடி நனைவது தெரிந்தது. அதையும் ஏற்றினேன். அப்புறம் அதற்கடுத்தது. அவள் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். அதற்குமேல் கூப்பிடவில்லை. ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை — ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

பதினோரு பெட்டி. எண்ணிக்கொண்டே ஏற்றியிருக்கிறேன்.

நான் அவள் அறைக்குப் போனபோது தண்ணீர் இடுப்பளவு. இழுப்பறை ஊறி இறுகிவிட்டது. இழுத்தேன்; கைப்பிடி கையோடு வந்துவிட்டது. நோலின் கட்டில்மேல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இடுப்போடு எப்படித்தான் எழுந்து நின்றாளோ.

"விடு" என்றாள்.

பக்கத்து வீட்டு ட்ரெவர் அலுமினியப் படகை ஜன்னலோரம் கொண்டுவந்தான். அப்போதும் நான் பின்னறைப் பக்கம் திரும்பினேனாம். "யோவ், பாட்டுத் தட்டு நீந்தத் தெரியாம அழுவுதா? பொண்டாட்டியத் தூக்கி ஏத்துய்யா" என்று கத்தினான். படகில் நோலின் என்னைப் பார்க்கவில்லை. திட்டவுமில்லை. திட்டியிருக்கலாம்.

6 மார்ச்

வீட்டைப் பார்க்கப் போனோம். தண்ணீர் கூரைக்கு ஒரு சாண் கீழேயே நின்றிருக்கிறது. பதினோரு பெட்டியும் காய்ந்தபடி, உறையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

இழுப்பறையைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தேன். செருப்புப் பெட்டி கூழாகிவிட்டது. கேசட்டுகளுக்குள் சேறு. நோலின் ஒன்றை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

9 மார்ச்

பெரில் காரோடு வந்தாள். "துணி எதுவும் மிச்சமில்ல, மூட்டை கட்டுற வேலை மிச்சம்" என்றாள் நோலின். சிரித்தாள்கூட.

எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"எங்க வரச் சொல்ற, வாரன்?"

கார் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

10 ஏப்ரல்

போனைப் பெரில்தான் எடுக்கிறாள்.

16 ஜூன், வியாழன்

பிரிஸ்பேனில் ஸ்டெலியோஸ் என்று ஒருவன். பழைய நாடாக்களைக் கழுவி உயிர் கொடுப்பவன். ஏழு கேசட்டையும் அவனிடம் கொடுத்திருந்தேன். இன்று கூப்பிட்டான்.

"ஆறு தேறாதுண்ணே. ஒண்ணு ஓடுச்சு."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆனா அதுல குழந்தை இல்ல. பாட்டுதான் இருக்கு, ரெண்டு பக்கமும். பழைய ராக். நடுவுல ஒருத்தர் பேசுறாரு. 'இந்தத் தட்டு மோனோ, லேசாக் கீறல் உண்டு'ன்னு."

அது நான்.

அடிலெய்டில் ஒருவனோடு பாட்டுப் பதிந்து மாற்றிக்கொண்டிருந்த காலம். மீகனுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. கைக்குக் கிடைத்த கேசட்டில் பதிந்திருப்பேன். இரைச்சலாக வந்திருக்கும், எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டிருப்பேன். நினைவே இல்லை. ஒரு பிள்ளையின் குரலை அழித்தது எப்படி நினைவில் இல்லாமல் போகும்? மேலே கிரேயானில் அவள் பெயர் எழுதியிருந்திருக்குமே — பார்த்தேனா? பார்த்தும்தான் செய்தேனா?

2 ஜூலை, சனி. டூவூம்பா

நேரில்தான் சொல்ல வேண்டும் என்று போனேன். பெரில் வீட்டுப் பின்கட்டில் நோலின் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கைத்தடி இல்லாமல் நடக்கிறாள் இப்போது. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவ அடக்கம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். நீ உன் ரூம்ல இருந்தே. நான் அந்த ஒரு கேசட்டைப் போட்டேன். அதுல நீ பேசினே."

இருபத்து மூன்று வருஷம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ செத்துப் போயிருப்பே. அப்ப நீ அப்படித்தான் இருந்தே."

"மத்த ஆறும்?"

"போட்டுப் பாக்கல. அதுலயும் நீ இருந்துட்டா?" ஒரு பட்டாணி உருண்டு விழுந்தது. அவளே குனிந்து எடுத்தாள். "கேக்காத வரைக்கும் அவ உள்ள இருக்கான்னு வச்சுக்கலாம்ல. அதுக்குத்தான் அந்தப் பெட்டி."

நானும் ஒரு பட்டாணியை எடுத்து உரித்தேன்.

"வெள்ளம் வந்த அன்னிக்கு ஒரு தடவையாவது நான் கேட்டதை முதல்ல தூக்குவேன்னு நெனச்சேன்" என்றாள். "கோவத்துல வரல வாரன். களைச்சுப் போயிட்டேன். அவ்வளவுதான்."

பெரில் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். பட்டாணி சூப்.

3 ஜூலை

ஊர் திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் காரை ஓரங்கட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

21 செப்டம்பர்

மெல்போர்னிலிருந்து ஒரு வியாபாரி வேனோடு வந்தான். பதினோரு பெட்டியும் போயிற்று. ஒவ்வொரு தட்டையும் நான் பிடிப்பது போலவே விளிம்பில் பிடித்து எடுத்தான். "ஒண்ணாவது வச்சுக்குங்க சார், பின்னாடி வருத்தப்படுவீங்க" என்றான். எதை என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாவத்தைக் கழுவிவிட்டதாக நினைத்துக்கொள்கிறேனா? இல்லை. ஒன்றும் கழுவப்படவில்லை. அந்தப் பெட்டிகளோடு ஒரே அறையில் இருக்க முடியவில்லை, அதனால் கொடுத்தேன்.

20 ஆகஸ்ட் 2023, ஞாயிறு

நோலின் திரும்பி வரமாட்டாள். அதை அவள் வாயால் சொன்னபிறகுதான் எங்களுக்குள் பேச்சு எளிதாயிற்று. ஞாயிறுதோறும் காலையில் கூப்பிடுகிறாள். மீகனைப் பற்றி எனக்குத் தெரியாத எதையாவது சொல்கிறாள். தெரியாதது நிறைய இருக்கிறது.

இன்றைக்குச் சொன்னது:

"அவளுக்கு ஒன்பது வயசு. உன் ரூம்ல புகுந்து தட்டு ஒண்ணை உடைச்சிட்டா. ரெண்டு பேருமாக் கொண்டுபோய் எலுமிச்சை மரத்தடியில புதைச்சோம். நீ ஒரு மாசம் தேடினே."

"எந்தத் தட்டு?"

கேட்டுவிட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது. போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"மன்னிச்சிடு" என்றேன். "எனக்குப் பயந்தாளா அவ?"

"கொஞ்சம்."

பிறகு அவளே, "குழிய மூடினப்புறம் கையக் கூப்பி ஜெபம் வேற பண்ணா. பாதிரியார் மாதிரி குரலை மாத்திக்கிட்டு" என்றாள்.

"என்னன்னு?"

"'ஆண்டவரே, எங்கப்பாவுக்கு இதே மாதிரி வேற ஒண்ணு கிடைக்கட்டும்'னு."

அதைச் சொல்லும்போது நோலினும் குரலை மாற்றிக்கொண்டாள். குழந்தை பாதிரியாராகப் பேசும் குரல். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளும் வைக்கவில்லை.