எஞ்சினை அணைத்து இறக்கிய கார்

1979

ஜூன் 4, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. ஸ்ரீவராகம் தெரு முழுக்கக் கணுக்கால் தண்ணீர். நான் காரில் ஏறுவதை எதிர்வீட்டு மங்கலம் மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "விஜயத்துக்கென்ன, மகாராணி" என்றாள், எனக்குக் கேட்கவேண்டும் என்றே. போலியோவில் சூம்பின இந்த இடது காலோடு ஒரு நாள் அந்தத் தண்ணீரில் நடந்து பார்க்கட்டும். மகாராணிப் பட்டத்தை அவளுக்கே எழுதிக்கொடுத்துவிடுகிறேன்.

காரில் ஒரு புதுச் சத்தம். புறப்படும்போது அடியிலிருந்து மெல்லிய ஊளை. வேகம் கூடினால் அதுவும் கூடுகிறது.

இது மற்றக் கார் மாதிரி இல்லை. கிளட்ச் இல்லாத கார். கியர் தானே மாறிக்கொள்ளும். இடது காலுக்கு வேலையே கிடையாது. அதற்காகத்தான் அப்பா, தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரிடமிருந்து இதை எனக்கு வாங்கிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். இது நின்றால் நானும் வீட்டில் நிற்கவேண்டியதுதான்.

ஜூன் 8, வெள்ளி

சத்தம் குறைந்துவிட்டது. மழை ஈரத்தால் இருக்கும். வீணாகப் பயந்தேன்.

ஜூன் 11, திங்கள்

குறையவில்லை. இன்று முன்னைவிட மோசம். கியரை முன்னுக்குத் தள்ளினால் கார் சற்று யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் காலடித் தகடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. கருகல் நாற்றம் வேறு, அடுப்பில் மறந்துபோன கடலைப்பருப்பு மாதிரி.

சேஷனிடம் சொன்னேன். (வீட்டுக்காரர் பேரை எழுதும்போது மட்டும் தைரியமாக எழுதலாம். நேரில் வெறும் "ஏன்னா"தான்.) "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும். சாரமில்லே, ஒண்ணும் ஆகாது" என்றார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வாரமெல்லாம் கம்பெனி ஜீப்பில் மலை, காடு, ஆஸ்பத்திரி என்று அலைகிறவர், எதற்கும் அசரமாட்டார். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் என் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான கழக்கூட்டத்துக்குப் போவார். அங்கே ஒரு சிநேகிதர் வீட்டில் சீட்டுக் கச்சேரி.

என் காரை அவர் ஆசையாக எடுத்துப்போவது எனக்கு ஒரு பெருமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிளாஸ்க்கில் காபி ஊற்றிக் கொடுக்கிறேன். யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

ஜூன் 18, திங்கள்

வெள்ளிக்கிழமை சாது, திங்கட்கிழமை ராட்சசி. இந்தக் காருக்கு என்ன, என்னை மாதிரி ஆபீஸ் போகப் பிடிக்கவில்லையா?

கரமனையில் சத்தியதாஸ் என்று ஒருவர் ஒர்க்‌ஷாப் திறந்திருக்கிறாராம், குவைத்திலிருந்து வந்தவர். நேராக அங்கே கொண்டுபோனேன். கறுப்புக் கண்ணாடி, சட்டையில் செண்ட் வாசனை. மெக்கானிக்கா, மாப்பிள்ளையா என்று தெரியவில்லை. ஆனால் வண்டியைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார்.

"குவைத்தில நான் கண்டதெல்லாம் இந்த மாதிரி வண்டியாக்கும். பயப்படாண்டாம்மா."

எஞ்சின் ஓட ஓடவே அளவுக் கம்பியை உருவித் துடைத்து என் மூக்கிடம் நீட்டினார். கியர்பெட்டி ஆயில் சிவப்பாக இருக்கவேண்டுமாம். இது கஷாயம் மாதிரி இருந்தது. அதே கருகல் நாற்றம். ஆயில் சூடாகி வெந்துபோயிருக்கிறது என்றார். முழுக்க வடித்துப் புது ஆயில் ஊற்றி, ஆயிலைக் குளிரவைக்கும் குழாயையும் ஊதிச் சுத்தம் செய்து தந்தார்.

ஜூன் 22, வெள்ளி

ஐந்து நாளாகச் சத்தம் இல்லை, சூடு இல்லை. ஆயிலை நானே கம்பியில் பார்த்தேன், மாதுளைச் சாறு நிறம். இன்று ஆபீஸிலிருந்து வரும்போது சங்குமுகம் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். தனியாக. சும்மா.

ஜூன் 25, திங்கள்

மறுபடி ஊளை. மறுபடி சூடு. பழவங்காடியில் நின்ற கார் நகரவே மாட்டேன் என்றது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்து மானத்தை வாங்கினான். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். புது ஆயில், அதற்குள் கறுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சிவப்பு, திங்கட்கிழமை கறுப்பு. நடுவில் ஞாயிறு கார் வீட்டைவிட்டு நகரவில்லை.

ஜூன் 27, புதன்

ஆபீஸுக்கு அரை நாள் லீவு. சத்தியதாஸ் கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றியபோது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே கறுப்புச் சேறு. அதில் இரும்புப் பொடி மினுங்கியது. தகடுகளின் மேல்தோல் கருகி உதிர்ந்து கிடந்தது.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "யாரும்மா இந்த வண்டிய எஞ்சின் ஆஃப் பண்ணி எறக்கம் எறக்கினது?"

புரியவில்லை என்றேன். விளக்கினார். நம் ஊர் டிரைவர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு உருளவிடுவார்கள், பெட்ரோல் மிச்சம். சாதாரண வண்டிக்கு பிரேக்தான் பயம், கியருக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் காரில் எஞ்சின் ஓடினால்தான் உள்ளே ஆயிலைத் தள்ளும் பம்ப் சுற்றும். அணைத்துவிட்டு உருட்டினால் உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் வறண்டு சுற்றி உராய்ந்து வெந்துபோகும்.

"ஒரு தடவை செஞ்சா இப்படி ஆவாது. ரொம்பக் காலமா, நல்ல நீளமான எறக்கம். மலையாக்கும்."

"எங்காத்துலே யாரும் மலைக்குப் போறதில்லையே" என்றேன். "அவர் கழக்கூட்டம் வரைக்கும் போவார், அவ்வளவுதான்."

"கழக்கூட்டத்தில ஏதும்மா மலை?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வழியெல்லாம் ஆட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தேன். கல்யாணம் ஆன புதிதில் சேஷன் ஒரு கதை சொல்வார். பொன்முடி எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு மருந்து கொண்டுபோய்விட்டுத் திரும்பும்போது, கம்பெனி டிரைவர் மலை உச்சியில் ஜீப்பை அணைத்தால் அடிவாரத்தில் கல்லாறு வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் இறக்கிவிடுவானாம். "நானும் கத்துண்டுட்டேன்" என்பார், பெரிய வித்தை மாதிரி.

இருக்காது. கம்பெனி வேலையாகப் போனால் ஜீப்பில்தானே போவார்.

ஜூன் 28, வியாழன்

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டேன். "ஏன்னா, காரை எங்கேயாவது எஞ்சினை ஆஃப் பண்ணி எறக்கினேளா?"

ரசத்தைப் பிசைந்துகொண்டே, "கழக்கூட்டத்துலே ஏது எறக்கம்?" என்றார்.

நான் கழக்கூட்டம் என்று சொல்லவே இல்லையே.

ஜூன் 30, சனி

கார் ஒர்க்‌ஷாப்பில் பிரிந்து கிடக்கிறது. சாமான் பம்பாயிலிருந்து வரவேண்டும். இன்று ஒரு நாள் சீட்டாட்டத்தை விட்டால் குடி முழுகிவிடாது என்று நினைத்தேன். ஆனால் அவர் பஸ்ஸிலேயே போனார். பிளாஸ்க் வேண்டாம் என்றார்.

திரும்பி வந்து காலைக் கழுவும்போது கணுக்காலில் ரத்தம், நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. ஏதோ முள் என்றார். முள் குத்தின காயமா அது? அட்டை கடித்த காயம். மழைக்காலத்து மலையில் ஏறி இறங்கினவன் காலில்தான் இருக்கும்.

நான்தான் சுண்ணாம்பு தடவினேன். குனிந்து உட்கார்ந்து, அவர் பாதத்தை என் மடியில் வைத்துக்கொண்டு தடவினேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பயம். கேட்டால் சொல்லிவிடுவாரே.

ஜூலை 2, திங்கள்

ஆட்டோவில் ஆபீஸ். இறங்கும்போது விழுந்தேன். பெரிய அடி இல்லை.

ஜூலை 5, வியாழன்

இதற்குமேல் என்னால் முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"எஞ்சினை ஆஃப் பண்ணினது யாருன்னு சத்தியதாஸ் கேக்கறார். என்ன சொல்லட்டும்?"

கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவள் பெயர் எலிசாள். பொன்முடி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நேற்று இன்று வந்தது இல்லையாம், எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே பழக்கமாம். வேதக்காரப் பெண், கிறிஸ்தவள் என்று இவர் அப்பா ஒரே பிடியாக நின்றதில் விட்டுவிட்டாராம். போன வருஷம் மருந்து கொடுக்கப் போன இடத்தில் மறுபடி பார்த்தாராம். கால் சூம்பின பெண்ணை இந்த மகானுபாவர் பெருந்தன்மையாகக் கட்டிக்கொண்டார் என்று தெருவே புகழ்ந்தது. எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. யாராக இருந்தாலும் சரி என்று இருந்திருக்கிறார். அந்த யாரோதான் நான்.

"எஞ்சினை எதுக்கு அணைச்சேள்? அதையாவது சொல்லுங்கோ."

"நீ பெட்ரோல் முள்ளைப் பாத்துண்டே இருப்பியே. அவ்வளவு தூரம் போனது தெரிஞ்சுடப்படாதேன்னுதான்..."

ஐயோ. என்னிடமிருந்து மறைக்கத்தான் என் காரைக் கொன்றிருக்கிறார்.

கத்தினேன். இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தினது இல்லை, இன்று கத்தினேன். பஸ்ஸிலே போயிருக்கலாமே. நடந்து போயிருக்கலாமே, கடவுள் ரெண்டு காலும் நன்னாத்தானே கொடுத்திருக்கார். என் காலை எடுத்துண்டுதான் அவளைப் பாக்கப் போகணுமா?

"அவளுக்கு யாருமில்லே விஜயம்" என்றார்.

எனக்கு யார் இருக்கா?

ஜூலை 6, வெள்ளி

லீவு. படுத்தே கிடந்தேன்.

ஜூலை 14, சனி

மலைக்குப் போகமாட்டேன் என்று தானாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றாலும் உள்ளே குளிர்ந்துபோயிற்று, வெட்கம் கெட்ட மனசு. அடை வார்த்தேன். அவியல் செய்தேன். மத்தியானமெல்லாம் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

ஜூலை 21, சனி

இன்றும் இருந்தார். பேச்சு எல்லாம் "தண்ணி வரல்லியா", "பால்காரன் வந்தானா" என்பதோடு சரி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளுக்காக நான் ஏங்குகிறேன். இதை யாரிடம் சொல்ல?

ஜூலை 29, ஞாயிறு

அடுப்படிக்கு வந்து நின்றார். "நான் இங்கே இருந்துண்டு உன்னையும் சித்ரவதை பண்றேன்" என்றார்.

"போகாம இருக்க முடியுமா உங்களாலே?"

குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தார். அவர் பொய் சொல்லியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன், சத்தியமாக. இத்தனை நாள் சொன்னவர் இன்றைக்கு ஒன்று சொல்லக்கூடாதா?

"அப்போ போங்கோ" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

ஆகஸ்ட் 9, வியாழன்

மங்கலம் மாமி மோர் கேட்கும் சாக்கில் வந்தாள். தெருவுக்குத் தெரிந்துவிட்டது. இம்முறை மகாராணி என்று சொல்லவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பம்பாயிலிருந்து சாமான் வந்துவிட்டதாம்.

ஆகஸ்ட் 24, வெள்ளி

கார் வந்தது. "இனி சத்தம் கேட்டா என் பேர மாத்தி வச்சுக்கிடுங்கம்மா" என்றார் சத்தியதாஸ். யார் அணைத்தார்கள் என்பதை அவரும் பிறகு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சேஷன் எஸ்டேட் பக்கமே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டுவிட்டார். நாளைக்குப் புறப்படுகிறார்.

ஆகஸ்ட் 25, சனி

விடிந்ததிலிருந்து மழை. பெட்டியும் படுக்கையுமாக வாசலில் நின்றார். ஆட்டோ ஒன்றும் வரவில்லை. தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். அவர் அப்படி நனைந்துகொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வந்து, "ஏறுங்கோ, தம்பானூர்லே கொண்டு விடறேன்" என்றேன்.

ஏறினார். நான் ஓட்டினேன். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். "பாத்துப் போ" என்றார். சரி என்றேன். நெடுமங்காடு வழியாகப் பொன்முடி போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஓவர்பிரிட்ஜ் பக்கம் போகும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். சத்தியதாஸ் சொன்னது நிஜம், வண்டி அவ்வளவு அமைதி. அவர் மூக்கை உறிஞ்சுவது, மூச்சு திணறுவது, எல்லாம் கேட்டது. கேட்காத மாதிரி இருக்கலாம் என்றால், அந்தக் கார் ஒரு சின்னச் சத்தமாவது போட்டிருக்கக் கூடாதா.