வாங்க என்றது யார்

1973 செப்டம்பர் 4
கண்டியிலிருந்து மடுல்கெல்லைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி. வீட்டுக்குள் நுழைந்ததும் இவர், "இந்தியாவுக்குப் போகலாம்னு இருக்கேன்" என்றார். செருப்புக்கு வார் வாங்கி வரச் சொல்கிற மாதிரி! பிரஜாவுரிமை இல்லையென்று கோத்தகிரிப் பக்கம் அனுப்பப்பட்ட நம் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு ஊழியம் செய்ய ஆளில்லையாம். நமக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. யாரும் நம்மைப் போகச் சொல்லவில்லை. வலியப் போவானேன்?

செப்டம்பர் 6
"எஸ்தர என்ன செய்றது?" என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போன வருஷம் காய்ச்சலில் போன பிள்ளை. கோயிலுக்குப் பின்னால்தான் படுத்திருக்கிறாள். அடக்கம் செய்த பிறகு இவர் வாயில் அவள் பெயர் வந்ததேயில்லை, வீட்டு ஜெபத்தில்கூட. ஊரிலுள்ள சாவு வீட்டுக்கெல்லாம் ஆறுதல் சொல்லப் போகிற உபதேசியார் இவர்.

செப்டம்பர் 9
பேச்சுவார்த்தை இல்லை. சோறு மட்டும் வைத்தேன்.

செப்டம்பர் 16, ஞாயிறு
ஆராதனையில் இவர் சாட்சி சொன்னார். தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து இறங்கி வரும்போது, லயத்து வீட்டு வரிசை திரும்பும் வளைவில், கர்த்தர் தன்னைக் கூப்பிட்டாராம். "'வாங்க, வாங்க'ன்னு தெளிவா கேட்டிச்சு. இந்தியா போன சனங்கமேல எனக்கு அப்பவே பாரம் வந்திருச்சு" என்றார். சபை முழுக்க அல்லேலூயா. அழாதவர் இல்லை.

கர்த்தர் மனுஷனை 'வா' என்பார், 'போ' என்பார். 'வாங்க' என்று மரியாதை கொடுத்து எந்தக் காலத்தில் கூப்பிட்டார்? அந்த வளைவில் நின்று இவரை 'வாங்க' என்று கூப்பிட்டது ஒரே ஆள்தான். பின்னேரமானால் ஓடிப் போய் நிற்பாள். "வாங்கப்பா, தேத்தண்ணி ஆறுது!"

ஒருவருக்கும் விளங்கவில்லையா? பெற்றவளுக்கு மட்டுமா?

செப்டம்பர் 17
சொல்லிவிட்டேன். "அது கர்த்தர் இல்லங்க. நம்ம புள்ள."

கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தெரியும். அந்த வளைவுக்கு வந்தா தெனமும் கேக்குது. கேக்காத எடத்துக்குப் போயிரணும் எனக்கு."

"அப்ப கோயில்ல சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல. எந்தக் குரல் யாருதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல."

நான் கேட்க ஏங்கிக் கிடக்கிற குரல். இவருக்குக் கேட்கிறது, இவர் ஓடப் பார்க்கிறார். எனக்கு ஏன் கேட்கவில்லை? நான் என்ன பாவம் பண்ணினேன் - என்கிட்ட ஒரு தரம் வந்தா என்ன, எஸ்தரு?

செப்டம்பர் 23
குருவானவரிடம் எல்லாவற்றையும் சொல்லி இந்தப் பயணத்தை நிறுத்தத்தான் புறப்பட்டேன். வாசலில் அழகம்மா, நம் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவர்கள் குடும்பத்துக்கும் இந்தியா என்றாகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உபதேசியாரய்யாவும் வர்றாருன்னாங்க. அதக் கேட்டப்பறம்தான் எனக்குச் சோறே எறங்குச்சு டீச்சரம்மா" என்றாள். அங்கே போய் யாரைத் தெரியும் அவளுக்கு?

குருவானவரிடம் நான் போகவில்லை. அவளுக்கும் தேத்தண்ணி ஊற்றினேன்.

நவம்பர் 20
கண்டி ஸ்டேஷன். கோச்சிப் பெட்டிகள் முழுக்க ஒப்பாரி. அழகம்மா தங்கையைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை, போலீஸ்காரர்தான் பிரித்துவிட்டார். இவர் ஒவ்வொரு பெட்டியாய் ஏறி இறங்கி எல்லோருக்கும் தைரியம் சொன்னார். கடைசியில் என்னிடம் வந்து, "பிறகாவது நீயும் வாயேன்" என்றார்.

"புள்ளய ஒத்தையில விட்டுட்டா?"

தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்குமா என்று பார்த்தேன். கலங்கவில்லை.

நவம்பர் 21
பள்ளிக்கூடம் போனேன். வந்தேன்.

1974 பெப்ரவரி 3
அவரிடமிருந்து கடிதம். கோத்தகிரியில் பழைய கிடங்கு ஒன்றில் ஜெபம் நடக்கிறதாம். முதல் வாரமே ஒரு கிழவி, "ஐயாவுக்கு எத்தன புள்ளைங்க?" என்று கேட்டாளாம். "ஒண்ணு. எஸ்தர்" என்றாராம். அதற்குமேல் பேச முடியவில்லையாம். சனங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்களாம். அழகம்மா முதுகைத் தடவிவிட, பொழுது சாயும்வரைக்கும் அழுது தீர்த்தாராம். இப்போது மனசு லேசாக இருக்கிறதாம். கர்த்தர் தன்னை இதற்காகத்தான் அழைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறார்.

நல்லது. அழட்டும். வேண்டியதுதான்.

இங்கே ஒரு வருஷத்துக்கு மேல் நான் பக்கத்திலேயே இருந்தேனே. என்கிட்ட அழுதிருக்கலாம்ல?