அக்கா பிடித்த பந்துகள்

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று என் மேல் காய்ந்துகொண்டிருப்பாய். புதிதாக வந்த கோச் எல்லாருடைய போனையும் வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். விசில் தொங்குகிற கயிற்றிலேயே சாவியும் தொங்குகிறது. நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூட்டு. சீசன் முடிகிறவரை கடிதம்தான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பாதே.

விடுதி அறையில் எனக்குத் துணை எங்கள் கோல்கீப்பர். பகலில் பந்தைத் தடுக்கிறான், ராத்திரியில் குறட்டை விட்டு என் தூக்கத்தைத் தடுக்கிறான். முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த சீசனில் நான் இன்னும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஃபார்வர்டுக்கு அதுதான் வேலையே. சமைக்காத சமையல்காரனை எத்தனை நாள்தான் வைத்திருப்பார்கள்? நேற்று பூட்டு கூப்பிட்டார். "வயசு முப்பத்தி நாலு ஆச்சு. கடைசி மேட்ச்ல ஒரு கோல் போடு, கிளப்ல பேசி இன்னொரு வருஷம் வாங்கித் தர்றேன். இல்லன்னா பெட்டியக் கட்டிக்க" என்றார். பயமாக இருக்கிறது அக்கா. பந்தை உதைப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

அந்த ஆட்டம் இருபதாம் தேதி, எங்கள் மைதானத்தில். வீட்டு ஆட்களுக்கு இரண்டு டிக்கெட் தருகிறார்கள், இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வர வேண்டும். மாமாவையும் கூட்டி வா.

உன் தம்பி

*

ஏப்ரல் 6

என் அருமைத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் முழங்கால் நலமா? ஐஸை நேராகத் தோலில் வைக்காதே, துணியைச் சுற்றி வை.

நான் வரமாட்டேன். என் கண் உன் ஆட்டத்துக்கு ஆகாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை வந்தேன், மறந்துவிட்டாயா? மூன்று வாய்ப்பு வந்தது. மூன்று முறையும் பந்தைக் கூரியர்காரன் மாதிரி கோல்கீப்பர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாய். அன்றைக்கு எடுத்த முடிவு இது. டிவியில் உன் ஆட்டம் போட்டாலே நான் சமையலறைக்குள் போய்விடுவேன். கூடத்தில் மாமா போடுகிற சத்தத்தை வைத்து ஸ்கோர் தெரிந்துகொள்வேன். இந்த வருஷம் "ஐயோ" தவிர வேறு சத்தமே வரவில்லை.

நீ எப்போது பார்த்தாலும் ஆஃப்சைடில் நிற்கிறாயாம். பந்து வருவதற்கு முன்பே முன்னால் ஓடிப்போய் நிற்பதுதானே அது? என் டிரைவிங் ஸ்கூலிலும் பச்சை விழுமுன் வண்டியை எடுக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காவது என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது. உனக்கு யார் பிரேக் போடுவது? இப்போது ஒரு பல் டாக்டர் கற்றுக்கொள்ள வருகிறார். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். இனி அவரிடம் பல்லைக் காட்டுவதா என்று யோசிக்க வேண்டும்.

கோல்கீப்பருடைய மனசு எனக்குத் தெரியும். நம் வீட்டு கேட்டுத் தூண் இரண்டுக்கும் நடுவில் நின்று, உன் பந்து ஒன்றைக்கூட விடாமல் பிடித்தவள் நான். வண்டி ஓட்டப் பயப்படுகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித்தான் தைரியம் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மூலையில் அடி. கோல் தானாக விழும்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். கடிதத்தை உட்கார்ந்து படி.

உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை என் காலில் இருக்கிறது. கேட்டில் விளையாடத் தொடங்கிய முதல் நாள் நான் ஒரு கோல் போட்டேன். "இனிமே கோல் போட்டா நான் உள்ள போயிடுவேன்" என்று சொல்லி, சொன்னபடியே போய்விட்டாய். ஒரு வாரம் வெளியே வரவில்லை. நான் சுவரோடு விளையாடினேன். சுவர் பந்தைத் திருப்பித் தரும், பேச்சுக் கொடுக்காது. மறுபடி நீ வந்ததும், அதற்குப் பிறகு கடைசிவரை, உன் கைக்கு மட்டும்தான் அடித்தேன். சும்மா இல்லை அக்கா, அது பெரிய வித்தை. தூண் பக்கம் போக்குக் காட்டி, உன்னையும் பாய வைத்து, நீ கை நீட்டுகிற இடத்தில் பந்தைச் சேர்க்க வேண்டும்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே. உன்னைப் பார்த்துவிட்டால் என் கால் இன்றைக்கும் நேராகத்தான் அடிக்கும். நீ வந்தால் கோல் விழாமலே போகலாம் என்று தெரிந்துதான் கூப்பிடுகிறேன். என் ஆட்டம் முடிவதென்றால் நீ இருக்கும்போது முடியட்டும்.

கோபப்படாதே.

தம்பி

*

ஏப்ரல் 14

மதிப்பிற்குரிய ஃபார்வர்டு அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உட்கார்ந்தே படித்தேன். எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று.

ஒரு பந்தைக்கூடவா நானாகப் பிடிக்கவில்லை? மாமரத்துப் பக்கம் போன பந்தை மல்லாக்க விழுந்து பிடித்தேனே, முழங்கையில் தழும்புகூட இருக்கிறதே, அதுவும் தங்கள் தயவுதானா? இருபத்தைந்து வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது தங்களுடைய தர்மமா?

மாமா கடிதத்தைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு அவர் வயிற்றுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. பல் டாக்டர் எந்தத் தப்பும் செய்யாமல் ஓட்டிக்கொண்டிருந்தபோது நான் என் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பாவம், அவர் மன்னிப்புக் கேட்டார்.

டிக்கெட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வருவேன் என்று சொல்லவில்லை. பத்திரமாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

இப்படிக்கு,
தங்களால் ஏமாற்றப்பட்ட கோல்கீப்பர்

*

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

போன் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன். போனில் என்றால் என்னைப் பேச விடமாட்டாய்.

ஆட்டம் முடிந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு ஓடி வந்தேன். ரயிலைப் பிடிக்க நீங்கள் கிளம்பிவிட்டிருந்தீர்கள். காவலாளிதான் சொன்னார்: "ஒரு அம்மா உங்களத் திட்டிக்கிட்டே போனாங்க சார். கண்ணத் தொடச்சிக்கிட்டே திட்டுனாங்க."

நீ வந்திருப்பது முதலில் எனக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒரு "ஐயோ" கேட்டது. இது மாமாவின் ஐயோ ஆயிற்றே என்று திரும்பினால், கோலுக்குப் பின்னால் முதல் வரிசையில் நீ. அப்புறம் இரண்டு வாய்ப்பு வந்தது. இரண்டும் கூரியர். பூட்டு விசில் கயிற்றைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார்.

முடியப் போகிற நேரத்தில் பெனால்ட்டி கிடைத்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும். பந்தை நானே எடுத்து வைத்தேன். இடது மூலை என்று முடிவுகூடச் செய்துவிட்டேன். ஓடி வரும்போது தலையைத் தூக்கினால், அவன் தலைக்கு மேலே நீ தெரிந்தாய். கைப்பையை மாமாவிடம் கொடுத்துவிட்டு, முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் விரித்து, கேட்டில் நிற்கிற அதே நிலையில் நின்றாய். அவ்வளவுதான், மூலை மறந்துபோயிற்று. கால் தன் பாட்டுக்கு உன் கையைப் பார்த்து நேராக அடித்துவிட்டது.

அவன் நீ இல்லையே அக்கா. வலது பக்கம் பாய்ந்துவிட்டான். பந்து அவன் நின்றிருந்த இடத்தின் வழியாகவே உள்ளே போயிற்று.

இன்னொரு வருஷம் கொடுத்துவிட்டார்கள். "நடுவுல அடிக்கத் தனி தைரியம் வேணும்டா" என்று பூட்டு முதுகில் தட்டினார். நான் உண்மையைச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொல். ஏன் அப்படி நின்றாய்?

உன் தம்பி

*

ஏப்ரல் 27

என் அருமைத் தம்பிக்கு,

பழிவாங்கத்தான் நின்றேன். என் கண் முன்னால் ஒரு தடவையாவது மூலையில் அடித்து நிஜமான கோல் போடுகிறாயா, பார்க்கலாம் என்று நின்றேன். நீயோ மறுபடியும் என் கைக்கே அடித்தாய். நடுவில் அந்த வலை மட்டும் இல்லாவிட்டால் பிடித்திருப்பேன். மாமா சாட்சி.

காவலாளி சொன்னதை நம்பாதே. மாமா என் காதுக்குள்ளேயே "கோல்" என்று கத்தினார், அதில் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் ரயில் ஏறியும் அந்தத் தண்ணீர் நின்றபாடில்லை, அதற்கு மாமாவைக் குறை சொல்ல முடியவில்லை.

ஒரு வாரம் நான் வெளியே வராமல் இருந்தது எனக்கு நினைவே இல்லை தம்பி. உனக்கு மட்டும் இத்தனை வருஷம் நினைவிருந்திருக்கிறது. படித்ததிலிருந்து அதுதான் மனசைக் குடைகிறது.

பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிவிட்டார். இப்போது லாரி வந்தால் ஒரு கண்ணை மட்டும்தான் மூடுகிறாராம்.

லீவுக்கு வீட்டுக்கு வா. தூண் இரண்டும் அப்படியே நிற்கின்றன, பெயின்ட்தான் வேறு. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, குனிந்தால் நிமிர நேரமாகும். அதற்காக இரக்கப்படாதே. இந்தத் தடவை மூலை பார்த்து அடி, நிஜமாக அடி. கோல் விழுந்தால் விழட்டும். நான் உள்ளே போகமாட்டேன்.

உன் அக்கா