தரையைத் தொடும் அங்கி

பிஷப் ஐயா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.

இன்று சாயங்காலம் தாராவி மெயின் ரோட்டில் இரண்டு கூட்டங்களுக்குள் கல்லெறி என்று செய்தி வந்ததும், வாப்பா தையற்கடை ஷட்டரை இறக்கினார். காற்று அடைபட்டதும் அந்துருண்டை வாடை எழுந்தது. மூலையில் தொங்கும் உங்கள் ஊதா அங்கி. ஓரம் பிரிந்ததென்று மழைக்காலத்தில் கொடுத்தீர்கள். திரும்ப வாங்கிக்கொள்ள வரவேயில்லை. செம்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் இறந்த செய்திதான் வந்தது.

இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கு இளம் போதகராக வந்தவர் நீங்கள். பிறகு அம்பர்நாத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்கு வாடகை அறையில் ஆராதனை நடத்தினீர்கள். அப்புறம் பிஷப் ஆனீர்கள். பதவி மாறினாலும் அங்கி தைக்க எங்கள் கடைக்கே வந்தீர்கள். "பாய் தச்சாத்தாம்வே கக்கத்துல பிடிக்காது" என்பீர்கள்.

அளவெடுக்கும்போது மட்டும் உங்களுக்கும் வாப்பாவுக்கும் சண்டை.

"ஐயா, கணுக்காலோட நிக்கட்டும். படியில தடுக்கும்."

"தடுக்கட்டும்வே. தரையத் தொடணும்."

ஏன் என்று நான் கேட்டேன். கலவரத்தில் ஊரே எரிந்த நாளில், புதிதாகக் கல்யாணமான வாப்பாவும் உம்மாவும் உங்கள் சபைக் கோயிலின் பின்னறையில் ஒளிந்திருந்ததைச் சொன்னீர்கள். உள்ளே யார் என்று கேட்டு வந்த கூட்டத்தின் முன் நீங்கள் வாசலை மறித்து நின்றீர்கள்.

"எங்க ஆளுக தான்னு சொன்னேன். முட்டு ரெண்டும் தாளம் போட்டுச்சு தாயி. அங்கி மறைச்சிட்டு. அவனுவ என் மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போயிட்டானுவ."

அன்று நான் சிரித்தேன்.

இன்று ஷட்டரை யாரோ படபடவென்று தட்டினார்கள். "பாய், நான் செல்வி! புள்ளையோட நிக்கேன், தெறங்க பாய்!" எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் செல்வி அக்கா.

"தெறக்காதிய" என்று உம்மா வாப்பாவின் கையைப் பிடித்தாள். "அவளத் தொரத்திட்டு வாரானுவ. நம்ம வீட்லயும் பொம்பளப் புள்ள இருக்கு."

பூட்டின்மேல் இருந்த வாப்பாவின் கை அசையவில்லை. திறக்க வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றியது, ஐயா. உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

வாப்பா உங்கள் அங்கியைப் பார்த்தார். ஷட்டரைப் பாதி தூக்கி இருவரையும் உள்ளே இழுத்து, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் தள்ளினார். வெளியே கால்கள் ஓடிவந்து நின்றன. வாப்பா மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துத் தரைவரை இறக்கிவிட்டார். பிறகு குனிந்து வெளியே போய் நிமிர்ந்து நின்றார்.

உள்ளே ஓடியது யார் என்று ஒருவன் இந்தியில் கத்தினான்.

"கர் கே லோக் ஹைங், பாய்" என்றார் வாப்பா. எங்கள் வீட்டு ஆட்கள் என்று. குரல் நிதானமாகத்தான் இருந்தது. ஷட்டருக்குக் கீழே தெரிந்த கைலி மட்டும் காற்றில்லாமலே ஆடியது.

அவர்கள் வாப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள்.

திரும்பி வருவார்களோ தெரியாது. தெருக்கோடியில் இன்னும் சத்தம் கேட்கிறது. செல்வி அக்காவின் மகள் என் மடியில் ஒடுங்கியிருக்கிறாள். அவளுக்கு உங்கள் அங்கியைப் போர்த்தியிருக்கிறேன், கோபிக்கமாட்டீர்கள். என் பள்ளிப் பாவாடை முழங்கால்வரைதான். நடுங்கினால் எல்லோருக்கும் தெரியும். ஆனால், நடுங்கிக்கொண்டே நிற்கலாம் என்று உங்களால் எனக்குத் தெரியும்.

ஷட்டர் இடுக்கு வழியே வெளிச்சம் கசிகிறதென்று வாப்பா ஒவ்வொரு விளக்காக அணைக்கிறார், இதோடு நிறுத்துகிறேன்.