வெட்டாமல் அனுப்புங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

நீங்கள் அனுப்பிய, தங்கை கல்யாண வீடியோ உள்ள ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது. வீடியோக்காரரின் கணினி ஒரு வகை, என்னுடையது வேறு வகை. சொருகியதும், படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. சரி என்று அமுக்கப் போனேன். பக்கத்து அறை நண்பன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், அமுக்கினா மொத்தமும் அழிஞ்சிடும். வேற காப்பி இருக்கா?"

வீடியோக்காரர் தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டார் என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இல்லடா."

"அப்ப கையைக் கட்டிக்கிட்டு உக்காரு."

அவன் கணினியில் டிஸ்க் திறந்தது. இரண்டு கணினிகளையும் ஒரே வைஃபையில் சேர்த்து, அந்த ஃபோல்டரை எனக்குப் பகிர்ந்தான். மதியம் முழுக்க மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை.

தங்கை கல்யாணத்தைக் கடைசிவரை பார்த்தேன். கூட்டம் கலைந்த பிறகும் கேமரா ஓடுகிறது. அம்மா நாற்காலிகளை அடுக்குகிறாள். "அவன் இருந்திருந்தா இந்நேரம் முடிச்சிருப்பான்" என்கிறாள். நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறீர்கள்.

ஃபைல் ரொம்பப் பெரிது, அடுத்த விசேஷத்தின்போது வேண்டாததை வெட்டச் சொல்கிறேன் என்று போனில் சொன்னீர்கள். வேண்டாம் அப்பா. எவ்வளவு பெரிதானாலும் நான் திறந்துகொள்கிறேன். விசேஷம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கேமராவை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் வீடியோக்காரரிடம் சொல்லுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்