டில்லியின் தவளைக் கட்டு

என் பக்கத்துப் படுக்கை டில்லிக்கு,

உன் படுக்கைக்கு ஆள் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, பெசன்ட் நகரிலிருந்து வருகிறார். நல்ல மாதிரி. முதல் நாளே வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையில் பாதியை எனக்குத் தரட்டுமா என்று கேட்டார். அந்த ஏசியை நீ எவ்வளவு திட்டியிருக்கிறாய்! அது இன்னமும் அப்படியேதான் இருக்கிறது.

அவருக்கு ஊசி ஏறுவது இடது கையில். அதனால் இயந்திரம் எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறது. நம் மேசை இருந்த இடம் அது. ஸ்டெல்லா சிஸ்டர் மேசையைத் தள்ளிக்கொண்டு போனபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

அடையாறில் அந்த டயாலிசிஸ் சென்டருக்கு நீ முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது ஒரு வருடம் ஓடியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மயிலாப்பூரில் என் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் அம்மா அழுவாள். நீ வந்து படுத்தாய், ஊசி குத்தும்போது அரை சென்டருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாய், பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"இன்னா மச்சி, உனக்கும் ஒரு கைய கட்டிப் போட்டுட்டாங்களா?"

உனக்கு இடது கைப் பழக்கம் என்பதால் வலது கையில் ஊசி. எனக்கு இடது கையில். நீ என் வலப்பக்கம். ஆக, என் வலது கையும் உன் இடது கையும்தான் சும்மா இருந்தன, அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். "நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஆளு கைதான் கீது" என்று சிரித்தாய். சாதாரணச் சீட்டுக்கட்டோடுதான் ஆரம்பித்தோம். ரம்மிக்குப் பதிமூன்று சீட்டை ஒரே கையில் விரித்துப் பிடிக்க முடியாமல் எல்லாம் தரையில் சிதறும். பொறுக்கிக் கொடுத்துக் கொடுத்து ஸ்டெல்லா சிஸ்டர் ஒருநாள் கட்டையே பிடுங்கி வைத்துவிட்டார்.

அப்புறம் நீ அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாய். ரங்கநாதன் தெருவில் நீ செல்போன் கவரும் சார்ஜரும் விற்கிற நடைபாதைக் கடைக்கு ஒரு பையன் கவர் மாற்ற வந்திருக்கிறான். பழைய கவரைக் கழற்றினால், போனுக்குப் பின்னால் டிராகன் படம் போட்ட ஒரு சீட்டு. இது என்ன என்று கேட்டிருக்கிறாய். அவன் அரை மணி நேரம் சொல்லியிருக்கிறான். ஆளுக்கொரு கட்டு. கட்டில் என்னென்ன சீட்டு இருக்கவேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். பூதம், மிருகம், மந்திரம் என்று ஒவ்வொன்றாக இறக்கி எதிராளியின் உயிர்ப் புள்ளிகளைக் குறைக்க வேண்டும். கையில் நாலைந்து சீட்டுதான் இருக்கும்.

"நாலஞ்சு சீட்டு மச்சி! மொபைல் ஸ்டாண்டுல நிக்க வெச்சா கையே வாணாம்."

ஒரு திங்கட்கிழமை பாண்டி பஜாருக்குப் பின்புறச் சந்தில், மாடியில் இருக்கிற அந்தக் கடைக்குப் போனோம். படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாய். எனக்கும் மூச்சு வாங்கியது, உனக்காக நின்றதுபோல நின்றுகொண்டேன். மேலே போனதும் கண்ணாடிப் பெட்டி நிறைய மினுமினுக்கும் சீட்டுகள். சிலவற்றின் விலையைப் பார்த்து நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "வா போயிறலாம். ஒரு அட்டைக்கு இவ்ளோவா? என் கடைய மொத்தமா எடுத்துக்கினு குடுக்கச் சொல்லு."

கடை நடத்துகிற பிரியாதான் நம்மை நிறுத்தினாள். "சார், அதெல்லாம் பார்க்கிறதுக்கு. விளையாடறதுக்கு வேற. எவ்வளவுக்குள்ள வேணும்?"

இருவருக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய் என்றேன். அவள் முகம் சுளிக்கவில்லை. சீல் பிரிக்காத பாக்கெட்டுகளை நீ ஆசையாக எடுத்தபோது கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"இது வேண்டாம் சார். உள்ள என்ன இருக்கும்னு யாருக்கும் தெரியாது. நல்லது வரும் வரும்னு பிரிச்சிக்கிட்டே இருப்பீங்க. ரெடிமேடா கட்டு இருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுங்க. மிச்சக் காசுக்கு உதிரியா நாலு சீட்டு தேடித் தரேன். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, ரெண்டு கட்டும் கிட்டத்தட்ட ஒரே பலமா இருக்கணும். ஒருத்தரே ஜெயிச்சா ரெண்டு வாரத்துல பரண்ல போட்டுடுவீங்க."

"எங்களுக்கு ஒரு கைதாம்மா. குலுக்கறது கஷ்டம்" என்றாய் நீ, சட்டைக் கையை ஏற்றி டயாலிசிஸ் ஊசி ஏறுகிற வீங்கிய நரம்பைக் காட்டி. அவள் அதைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, ஆட்டத்தின் நடுவில் கட்டைக் குலுக்கச் சொல்கிற சீட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு வேறு சீட்டு வைத்தாள். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

நான் சிவப்புக் கட்டை எடுத்தேன். நெருப்பு, வேகம், ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடியும். உனக்கு அதேபோல இன்னொன்றை எடுத்துக் கொடுத்தால் நீ தொடவே இல்லை. மூலையில் கிடந்த தவளைக் கட்டைத் தூக்கினாய்.

"இதுல என்ன விசேஷம்?"

"ஒரு தவளை இன்னொரு தவளையக் கூட்டிக்கினு வரும். அது இன்னொண்ணு. மேசை ஃபுல்லா தவளை."

"அது ஜெயிக்காது டில்லி."

"ஜெயிச்சி இன்னா பண்ணப் போறோம்? நாலு மணி நேரம் ஓடணும். நீ அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு மறுபடியும் ஃபேன எண்ணப் போறியா?"

பிரியா சிரித்துவிட்டாள். என் சிவப்புக் கட்டிலிருந்து வேகமான சீட்டு இரண்டை உருவிவிட்டு, உன் கட்டில் ஒரு பெரிய தவளையைச் சேர்த்தாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாம் சந்தோஷமாக இருந்தோம் என்று எழுதினால் யாராவது நம்புவார்களா? கால் நரம்பு இழுத்துக்கொள்ளும், பிரஷர் இறங்கும், வாந்தி வரும். இதற்கு நடுவில் நீ "இன்னொரு தவளை!" என்று கத்துவாய். மருந்துக் குப்பிகளின் வண்ண மூடிகளை ஸ்டெல்லா சிஸ்டர் கழுவித் துடைத்துச் சேர்த்து வைத்தார், மேசையில் அவைதான் உன் தவளைகள். கட்டைக் குலுக்க வேண்டுமென்றால் பாதியை நான் பிடிப்பேன், மீதியை நீ அதற்குள் செருகுவாய். என் வலது கை, உன் இடது கை. முதலில் சரிந்து சரிந்து விழுந்தது. போகப் போக ஒரே ஆள் குலுக்குவதுபோல வந்தது. ஜெயித்தவனுக்கு ஒரு துண்டு ஐஸ் என்று பந்தயம். ஒரு நாளைக்குத் தண்ணீரே அரை லிட்டர் என்று அளந்து குடிக்கிறவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட பந்தயம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் நீதான் தோற்றாய். நான் ஐஸைச் சப்புவதை வெறித்துப் பார்த்துக்கொண்டே, "சத்தம் போடாம சாப்டு" என்பாய்.

இப்போது உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை நீ வரவில்லை. போன் செய்தால் பின்னால் தி.நகர் கூட்டம் முழுக்க இரைகிறது. "சீசன் மச்சி. இப்ப கடைய வுட்டா வருஷம் பூரா கடன்ல நிக்கணும். சனிக்கிழம வந்துடறேன்." சனிக்கிழமையும் வரவில்லை. கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டேன். "லைட்டா." மூச்சு? "நைட்டு உக்காந்துக்கினு தூங்கறேன், அவ்ளோதான்." நான் கத்தினேன். என் வீட்டில் யாரும் அப்படி நான் கத்திக் கேட்டதில்லை, அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். நீ சிரித்தாய். "செவ்வாக்கெழம கண்டிப்பா. தவளய ரெடியா வையி."

உன் மனைவி கவிதாவும் சொன்னாளாம். கையெடுத்துக் கும்பிட்டாளாம். ஏன் டில்லி? ஆயிரம் ரூபாயில் இரண்டு பேருக்கு விளையாட்டு வாங்கத் தெரிந்த உனக்கு, எதை எதற்காகக் கொடுக்கிறோம் என்று அந்த ஒரு வாரம் மட்டும் ஏன் தெரியாமல் போனது?

செவ்வாய்க்கிழமை நான் வந்து படுத்தேன். மேசை நடுவில் இருந்தது. இரண்டு ஸ்டாண்டையும் விரித்து வைத்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் எனக்கு இரண்டு ஊசியும் ஏற்றி, டேப் ஒட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, அது சீராக ஓடுகிறதா என்று பார்த்தார். அப்புறம் என் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் ஒருபோதும் நோயாளியின் படுக்கையில் உட்கார மாட்டார்.

"டில்லி காலைல போயிட்டார் சார். மூச்சு முட்டி ஆட்டோல கூட்டிட்டு போனாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே."

எனக்கு முதலில் அவர் சொன்னது புரியவில்லை. புரிந்ததும், "கழட்டுங்க" என்றேன். "இப்பவே கழட்டுங்க, நான் போகணும்."

"முன்னாடியே சொல்லியிருந்தா ஊசி போட விட்டிருக்க மாட்டீங்க. அதனாலதான் இப்ப சொல்றேன். உங்க ரத்தத்துல பொட்டாசியம் எவ்வளவு ஏறியிருக்கு தெரியுமா? அவருக்கு ஆனது உங்களுக்கும் ஆகணுமா?"

டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். அவரும் மாட்டேன் என்றார். மதியமே எடுக்கப்போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் உன் வீட்டில் உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அடையாறில் நான் அசையாமல் படுத்திருந்தேன். என் ரத்தம் குழாயில் போய்ப் போய் வந்தது. பக்கத்தில் விரிப்பு மாற்றிய உன் படுக்கை. ஓட முடியாது, எழ முடியாது, கண்ணைத் துடைக்க ஒரு கைதான். அழுதால் பிரஷர் ஏறி இயந்திரம் கத்துகிறது. சிஸ்டர் வந்து அதை அணைத்துவிட்டுப் போவார். மறுபடியும் கத்தும்.

ஊசியைக் கழற்றியதும் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் வந்து சேர்ந்தேன். உங்கள் தெருவில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. உன் வாசலில் மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள், சாமந்தி இதழ்கள் சாக்கடை ஓரம் ஒதுங்கிக் கிடந்தன. கவிதா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"எடுத்துட்டாங்கண்ணா. உங்களுக்காக கொஞ்ச நேரம் வெச்சிருந்தோம். அதுக்கு மேல முடியல."

உன் முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை, டில்லி.

கடையை இப்போது கவிதாதான் பார்க்கிறாள். அவள் தவளைக் கட்டை என்னிடம் கொடுத்து விற்க முடியுமா என்று கேட்டாள். பிரியாவிடம் கொண்டுபோனேன். அவள் ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினாள். "இதை வாங்க யாரும் வரமாட்டாங்க சார். யாருக்கும் வேண்டாம்னுதானே உங்களுக்கு அவ்வளவு சல்லிசா கிடைச்சுது" என்று சொல்லிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூட்டம் இல்லாத மதிய நேரம். கவிதா கவர் மாட்டுகிற ஸ்டாண்டுக்கு அடியில் இடம் ஒதுக்கி என்னை உட்காரச் சொன்னாள்.

"எப்படி ஆடறதுன்னு காட்டுங்க. வீட்டுக்கு வந்தா இத்தப் பத்தித்தான் பேசிக்கினு இருப்பாரு."

அவள் இரண்டு கையாலும் சரசரவென்று கட்டைக் குலுக்கினாள். எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை, தெருவைப் பார்த்தேன். விதிகளைச் சொன்னேன். ஒரு தவளை வைத்தாள், இன்னொன்று, இன்னொன்று. சரக்குப் பெட்டி மேல் இடம் இல்லாமல் சார்ஜர்களை ஒதுக்கி வைத்தாள். திடீரென்று எல்லாவற்றையும் ஒரே வாரலாக வாரிச் சீட்டுப் பெட்டிக்குள் தள்ளினாள்.

"இத்த ஆடறதுக்கு வாரம் மூணு நாளு சிரிச்சிக்கினு கெளம்புவாருண்ணா. ஊசி வலிய பத்தி ஒரு நாளு பேசல. கடைசி வாரம் மட்டும் இன்னாத்துக்குப் போவல?"

உன்னிடமாவது அதற்குப் பதில் இருந்ததா? ஒரு பெண் வந்து சிவப்புக் கவர் இருக்கிறதா என்று கேட்டாள். கவிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்.

நான் உனக்கு இதை மட்டும் வாக்காகக் கொடுக்கிறேன். ஒரு முறைகூடத் தவறவிட மாட்டேன். மழை கொட்டி அடையாறு பாலம் வரை தண்ணீர் நின்றாலும், பண்டிகை வந்தாலும், இனி எதற்கு என்று தோன்றுகிற காலைகளிலும் போய்க் கையை நீட்டுவேன். அப்படித் தோன்றுகிற காலைகள் இருக்கின்றன, டில்லி. போன வாரம்கூட ஒன்று வந்தது. செருப்பைப் போடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. தி.நகர் இரைச்சல், அதற்கு மேலே கவிதாவின் குரல்.

"அண்ணா, கெளம்பிட்டீங்களா?"

கிளம்பிவிட்டேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டதால் எழுந்து கிளம்பினேன்.

உன் மச்சான்,
முரளி